தொற்றுநோய்க் காலத்தில் கடலோர ஸ்டேஷன் வேலை: இராமநாதபுரம் கரைக்கான படிப்படியான முழு வழிகாட்டி

பயிற்சி முடித்து முதல் போஸ்டிங்காக இந்தக் கரைக்கு வரும் எஸ்.ஐ.க்கும், ஸ்டேஷனில் ரைட்டர் (எழுத்தர்), பாரா (வாசல் காவல்), பீட் (பகுதி ரோந்து) பார்க்கும் காவலர்களுக்கும் எழுதியது இது. எஸ்.பி.பட்டினத்தில் தொடங்கி தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், இராமேஸ்வரம், கீழக்கரை, ஏர்வாடி என்று மூக்கையூர், ரோச்மாநகர் வரை சுமார் 237 கிலோமீட்டர் கரை. உள்நாட்டு ஸ்டேஷனுக்கு எழுதிய நடைமுறையை அப்படியே இங்கே கொண்டுவந்தால் பாதி வேலைக்கு ஆகாது.

தொற்று அறிவிப்பு வந்ததும் எல்லாரும் முதலில் ரோட்டுக்கு ஓடுகிறார்கள். பேரிகார்டு கண்ணுக்குத் தெரிகிற வேலை என்பதால் ஆட்கள் எல்லாம் அங்கே போய்விடுகிறார்கள். ஸ்டேஷனில் மனு வாங்க ஆளில்லை. இரண்டு வாரத்தில் ஒரே வண்டியில் போய்வந்த எல்லாருக்கும் காய்ச்சல், அப்புறம் ரோட்டிலும் ஆளில்லை. ஆகவே வரிசை இதுதான்: முதலில் ஸ்டேஷன், அடுத்து மனு, அடுத்து உத்தரவு, அதற்குப் பிறகுதான் ரோடும் கரையும்.

1. முன்கூட்டியே கையில் இருக்க வேண்டியவை

முதலாவது, போன் பட்டியல். ஒவ்வொரு மீனவக் குப்பத்துக்கும் ஊர்த் தலைவர், படகுச் சங்க நிர்வாகி, பங்குத்தந்தை அல்லது ஜமாஅத் செயலாளர், வி.ஏ.ஓ., சுகாதார ஆய்வாளர், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர், மீன்வளத்துறை ஆய்வாளர், ஐஸ் கம்பெனி முதலாளி. ஊரடங்கு வந்த பிறகு இந்த எண்களைத் தேடினால் கிடைக்காது. கிடைத்தாலும் முன்பின் பேசாத போலீஸ்காரருக்கு ஊர்த் தலைவர் மனம்விட்டுச் சொல்லமாட்டார். அமைதியான நாளிலேயே ஒருமுறை போய்ப் பேசிவிட்டு வாருங்கள்.

இரண்டாவது, ஸ்டேஷன் ஆட்களின் உடல்நிலைக் குறிப்பு. யாருக்குச் சர்க்கரை, யாருக்கு ரத்த அழுத்தம், யார் கர்ப்பமாக இருக்கிறார், யார் வீட்டில் வயதானவர்களோ கைக்குழந்தையோ இருக்கிறது என்பது. இது இன்ஸ்பெக்டரிடமும் எஸ்.ஐ.யிடமும் மட்டும் இருக்கட்டும். ரோல்காலில் (எல்லாரையும் நிறுத்தி ஆஜர் எடுக்கும் நேரம்) சத்தமாகக் கேட்டால் யாரும் உண்மை சொல்லமாட்டார்கள்.

மூன்றாவது, தண்ணீர். கரையோரத்தில் பல ஸ்டேஷன்களில் போர் தண்ணீர் உப்பு. சோப்பு நுரைக்காது, இரண்டு நாளில் கை வறண்டு வெடிக்கும், அப்புறம் எல்லாரும் கை கழுவுவதையே விட்டுவிடுவார்கள். கை கழுவுவதற்கென்று நல்ல தண்ணீர் டிரம் ஒன்றைக் குழாய் வைத்து வாசலிலேயே நிறுத்துங்கள். குடிநீர் லாரிக்குச் சொல்லும்போது இந்த டிரம்மையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நான்காவது, பிளீச்சிங் பவுடர். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 கிராம் போட்டால் தரை, பெஞ்சு, லாக்கப் கம்பி துடைக்க ஏறக்குறைய ஒரு சதவீதக் கரைசல் கிடைக்கும். அன்றன்று கரையுங்கள், நேற்றுக் கரைத்ததில் வீரியம் இருக்காது. வயர்லெஸ் செட், துப்பாக்கி, விலங்கு ஆகியவற்றில் இதைத் தொடவே தொடாதீர்கள். உப்புக்காற்றே இரும்பைத் தின்கிற ஊர் இது. அவற்றுக்கு ஆல்கஹால் சானிடைசரைத் துணியில் நனைத்துத் துடைத்தால் போதும். மனிதர்கள் மேல் மருந்து தெளிக்கும் வேலை வேண்டாம். 2020-ல் பல ஊர்களில் அப்படிச் செய்தார்கள், மத்திய சுகாதார அமைச்சகமே அது கூடாது என்று அந்த ஏப்ரலில் சொல்லிவிட்டது.

முகக்கவசத்தை ஆளுக்கு ஒன்று என்று கணக்குப் போடாதீர்கள். சித்திரை வெயிலில் பாம்பனில் நின்றால் ஒரு மணி நேரத்தில் கவசம் நனைந்துவிடும். நனைந்த கவசத்தில் மூச்சு விட முடியாது, அதனால் தாடைக்கு இறக்கிவிடுவார்கள். ஒரு டியூட்டிக்குக் குறைந்தது மூன்று கவசம் வேண்டும்.

2. ஆட்களைப் பிரியுங்கள்

ரோட்டில் முதல் பேரிகார்டு வைப்பதற்கு முன் இது முடிந்திருக்க வேண்டும்.

ஸ்டேஷன் ஆட்களை இரண்டு அணியாகப் பிரித்து, ஓர் அணி ஆள் மற்ற அணி ஆளைச் சந்திக்காதபடி டியூட்டி போடுங்கள். கொரோனாவில் தொற்றியதிலிருந்து அறிகுறி தெரிய 14 நாள் வரை ஆனது. நோயின் காலக்கணக்கு எதுவோ அதற்கேற்ப மாறும் நாளை வையுங்கள். ஓர் அணியில் நோய் வந்தாலும் மற்றது நிற்கும், ஸ்டேஷன் பூட்டாது.

அணி பிரித்த ஸ்டேஷன்களும் டியூட்டி மாறும் இடத்தில் கோட்டை விடுகின்றன. வயர்லெஸ் அறையில் இரண்டு அணியும் கூடி நின்று, டீ குடித்து, கதை பேசிவிட்டுப் போனால் பிரித்ததற்கு அர்த்தமே இல்லை. பொறுப்பு மாற்றுவது முற்றத்தில், திறந்தவெளியில் நடக்கட்டும். ஜி.டி.யில் (ஸ்டேஷனின் அன்றாட நிகழ்வுக் குறிப்பேடு) எழுதி வைத்துவிட்டு, மீதியைப் போனில் சொல்லலாம்.

அடுத்தது, ஒரே ஆள் கையில் இருக்கும் வேலைகள். ரைட்டருக்கு மட்டும் தெரிந்த சி.சி.டி.என்.எஸ். (வழக்குகளை ஏற்றும் போலீஸ் கணினி வலையமைப்பு) பதிவு, அவரிடம் மட்டும் இருக்கும் சொத்து அறைச் சாவி, கோர்ட் காவலருக்கு மட்டும் தெரிந்த வாய்தா தேதிகள். இதில் ஒருவர் படுத்தால் எஃப்.ஐ.ஆர். போடவே வழியில்லை. இரண்டு அணியிலும் இந்த மூன்று வேலைக்கும் ஒவ்வோர் ஆளைத் தயார் செய்யுங்கள். சாவி கைமாறுவதைப் பதிவேட்டில் எழுதுங்கள்.

சர்க்கரை, மூச்சுத்தொல்லை உள்ளவர்களைப் போன் எடுக்கவும், கோப்பு பார்க்கவும், தனிமையில் இருப்பவர்களை அழைத்து விசாரிக்கவும் வையுங்கள். இதைச் சலுகை மாதிரிப் பேசினால் அவர்கள் கூச்சப்பட்டு ரோட்டுக்கே வந்து நிற்பார்கள். அதுவும் முழு டியூட்டிதான் என்று ரோல்காலிலேயே சொல்லிவிடுங்கள்.

3. மனு வாங்கும் இடம் மூடக்கூடாது

தொற்றுக் காலத்தில் ஸ்டேஷனுக்கு வரும் கூட்டம் குறையும். குற்றம் குறைந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். பஸ் இல்லை, வெளியே வரப் பயம், அவ்வளவுதான்.

மேசையை வெளியே போடுங்கள். வேப்பமரமோ உடைமரமோ இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் ஓலைப்பந்தல். காற்று குறுக்கே அடிக்கும் பக்கமாகப் பார்த்துப் போடவேண்டும். மனுதாரருக்குப் பின்னாலிருந்து காற்று வந்தால் அவர் மூச்சு முழுக்க எழுதுகிறவர் முகத்துக்குத்தான் வரும். கச்சான் (தென்மேற்குப் பருவக்காற்று) காலத்தில் ஒரு பக்கம், வாடை (வடகிழக்குப் பருவக்காற்று) காலத்தில் இன்னொரு பக்கம் என்று மேசை இடம் மாறும். கிடைத்த நிழலில் போட்டுவிட்டுப் போகிற விஷயம் இல்லை இது.

மனுதாரர் தன் பேனாவில் எழுதட்டும். எழுதத் தெரியாதவருக்குக் காவலர் எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கலாம். சி.எஸ்.ஆர். (மனு பெற்றதற்கான சான்று) ரசீது கொடுக்காமல் அனுப்பாதீர்கள். 'இப்போ எல்லாம் கொரோனா டூட்டி, அப்புறம் வாங்க' என்ற ஒரு வாக்கியம் ஊர் முழுக்கப் பரவினால் அடுத்த மாதம் யாரும் வரமாட்டார்கள்.

பி.என்.எஸ்.எஸ். (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 173-ன்படி மின்னணு வழியாக வரும் தகவலையும் பதிவு செய்யலாம், தகவல் கொடுத்தவர் மூன்று நாளுக்குள் கையெழுத்திட வேண்டும். எந்த ஸ்டேஷன் எல்லை என்று பார்க்காமல் பதிவதும் அதே பிரிவில் இருக்கிறது. தங்கச்சிமடத்தில் மாட்டிக்கொண்ட தொண்டிக்காரரை ஊருக்குப் போய்ப் புகார் கொடு என்று திருப்பி அனுப்பத் தேவையில்லை.

சாட்சி விசாரணைக்கும் இதே கவனம் வேண்டும். பெண்கள், 60 வயதைத் தாண்டிய ஆண்கள், 15 வயதுக்குக் கீழ்ப்பட்ட சிறுவர்கள், மாற்றுத்திறனாளிகள், கடும் நோய் உள்ளவர்களை ஸ்டேஷனுக்கு வரச்சொல்லக் கூடாது என்று பிரிவு 179 எப்போதும் சொல்கிறது. தொற்றுக் காலத்தில் அதை மீறினால் சட்டத்தோடு அவர்கள் உயிருக்கும் கேடு.

ஆன்லைன் பண மோசடிப் புகார் போனில் வந்தால் வரச்சொல்லி நேரத்தைக் கடத்தாதீர்கள். உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அழைக்கச் சொல்லுங்கள். பணம் அடுத்த கணக்குக்குப் போகும் முன் தடுக்க வேண்டும்.

4. உத்தரவைப் படியுங்கள், அப்புறம் தடுத்து நிறுத்துங்கள்

ஊரடங்கு உத்தரவு வாரத்துக்கு வாரம் மாறும். எந்தத் தேதி, எந்த மணியிலிருந்து, யாருக்கு விலக்கு என்ற மூன்றையும் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிச் சோதனைச் சாவடியில் ஒட்டுங்கள். பழைய தாளைக் கிழித்துவிட்டு ஒட்டுங்கள்.

2020 ஏப்ரலில் நடந்ததைப் பாருங்கள். மார்ச் 25 முதல் நாடு முழுக்க ஊரடங்கு. ஏப்ரல் 10 அன்று கடல் மீன்பிடிப்புக்கு விலக்கு அளித்து மத்திய உள்துறை உத்தரவு வந்தது. ஐந்தே நாளில், ஏப்ரல் 15 அன்று, வருடாந்திர மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. விசைப்படகு போகக்கூடாது, நாட்டுப்படகு போகலாம். வழக்கமாக 61 நாள் இருக்கும் அந்தத் தடை அந்த ஆண்டு மே 31 வரை 47 நாளாகக் குறைந்தது. கரையில் நிற்கிற காவலருக்கு இவை எல்லாம் தெரியவேண்டும். தெரியாவிட்டால் உரிமையோடு கடலுக்குப் போகிற நாட்டுப்படகுக்காரரை விரட்டிவிட்டு, தடையை மீறுகிற விசைப்படகை விட்டுவிடுவார்.

சட்டப் பிரிவிலும் தெளிவு வேண்டும். பொது ஊழியரின் உத்தரவை மீறுவது பி.என்.எஸ். (இப்போதைய தண்டனைச் சட்டம்) 223, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 188. இதற்கு, உத்தரவு போட்ட அதிகாரியோ அவருக்கு மேலுள்ளவரோ எழுத்துமூலம் புகார் கொடுத்தால்தான் நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும் என்று பி.என்.எஸ்.எஸ். 215 சொல்கிறது. பழைய பிரிவை வைத்துப் போலீஸ் நேரடியாக எஃப்.ஐ.ஆர். போட முடியாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2018-லேயே தீர்ப்பளித்தது. நோயைப் பரப்பக்கூடிய அலட்சியச் செயலுக்கு 271, தெரிந்தே கேடு நினைத்துச் செய்வதற்கு 272, தனிமைப்படுத்தல் விதியை மீறுவதற்கு 273. கடைக்கு அரிசி வாங்க வந்தவர் மேல் எல்லாப் பிரிவையும் அடுக்காதீர்கள்.

ஊரடங்கு மீறலுக்காகப் போட்ட சுமார் 10 லட்சம் வழக்குகளைக் கைவிடுவதாக 2021 பிப்ரவரியில் தமிழக அரசே அறிவித்தது. வன்முறை, இ-பாஸ் (பயண அனுமதி) மோசடி, போலீஸைப் பணி செய்யவிடாமல் தடுத்தது ஆகியவைதான் விலக்கு. அத்தனை வழக்குக்கும் ஸ்டேஷன்களில் எத்தனை இரவு விழித்து எழுதியிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அந்த நேரத்தில் எத்தனை வீட்டுப் புகாரைக் கேட்டிருக்கலாம்.

மருத்துவர், செவிலியர், சுகாதாரப் பணியாளர் தாக்கப்பட்டால் அது வேறு. 1897-ம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டத்தில் 2020-ல் செய்த திருத்தப்படி அது ஜாமீனில் வர முடியாத குற்றம், இன்ஸ்பெக்டர் நிலைக்குக் குறையாதவர் 30 நாளுக்குள் விசாரணையை முடிக்க வேண்டும். அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

5. சோதனைச் சாவடி

இராமேஸ்வரம் தீவுக்கு ரோடு ஒன்றுதான், பாம்பன் பாலம் வழியாக. 108, டீசல் லாரி, ஐஸ் லாரி, குடிநீர், மீன் வண்டி எல்லாம் அதில்தான் வரவேண்டும். ஆகவே முதல் வேலை, அத்தியாவசிய வண்டிக்குத் தனி வழி. ஒரே வரிசையில் நிறுத்தினால் கார்க்காரர் பாஸ் தேடிக்கொண்டிருக்கும்போது பின்னால் ஆம்புலன்ஸ் நிற்கும்.

காற்று உங்கள் முதுகிலிருந்து வரும் பக்கமாக நின்று பேசுங்கள். பாஸையும் ஆதாரையும் கையில் வாங்காதீர்கள், கண்ணாடியில் ஒட்டிப் பிடிக்கச் சொல்லிப் படியுங்கள். போனையும் வாங்கவேண்டாம். வண்டி எண்ணை உங்கள் பேனாவில் உங்கள் நோட்டில் எழுதுங்கள். வாங்கிப் பார்த்தே பழகிய கை தன்னாலே நீளும், அதனால் முதல் வாரம் பக்கத்தில் ஒருவர் நின்று நினைவுபடுத்தட்டும்.

வண்டியைப் பறிமுதல் செய்வதை மிகவும் குறைத்துக்கொள்ளுங்கள். ஒரு பைக்கைப் பிடித்தால் அதற்கு ரசீது, பட்டியல், நிறுத்த இடம், காவல், பிறகு ஒப்படைப்பு. ஒப்படைக்கும் நாளில் ஸ்டேஷன் வாசலில் திருவிழாக் கூட்டம், நீங்கள் தடுக்க நினைத்ததும் அதே கூட்டத்தைத்தான். கடற்கரை ஸ்டேஷன் வளாகத்தில் ஒரு மாதம் கிடந்த பைக்கின் செயின் துருப்பிடித்து இறுகிவிடும், பிரேக் பிடிக்காது, சீட்டில் உப்பு வெள்ளையாகப் படிந்திருக்கும். பின்னால் மீன்பெட்டி கட்டிய பைக் என்றால் அன்றைய மீனும் போச்சு, அந்த வீட்டு அடுப்பும் எரியாது. எண்ணைக் குறித்துக்கொண்டு திருப்பி அனுப்பினாலே பெரும்பாலும் வேலை முடிந்தது.

இந்த ஊருக்கே உரிய இன்னொரு சங்கடம், அஸ்தி கொண்டு வருகிறவர்கள். வடமாநிலங்களிலிருந்து நாள்கணக்கில் வண்டியோட்டி, மடியில் கலசத்தை வைத்துக்கொண்டு அக்னி தீர்த்தத்துக்கு வருகிறார்கள். பாலத்தின் முனையில் கையை ஆட்டித் திரும்பிப் போ என்றால் சண்டைதான் வரும். இந்தியில் நாலு வரி எழுதிய பலகை, அவர்கள் இறங்கி நிற்க நிழல், தண்ணீர், கழிப்பறை, இந்தி தெரிந்த ஒருவரின் போன் எண் ஆகியவற்றை மண்டபம் பக்கமே தயாராக வையுங்கள். உத்தரவில் வழி இருந்தால் எத்தனை பேர், எத்தனை மணி என்று சொல்லி அனுப்புங்கள். இல்லாவிட்டால் அவர்களை உட்கார வைத்து அதைச் சொல்லுங்கள்.

ஆடி அமாவாசை, தை அமாவாசைக்குத் தடை என்றால் பாம்பனில் தடுத்துப் பயனில்லை. பார்த்திபனூர் போன்ற மாவட்ட எல்லைகளிலும், பக்கத்து மாவட்டங்களிலும் சில நாள் முன்பே அறிவிக்கச் சொல்லுங்கள். சேதுக்கரை, தேவிபட்டினத்தையும் அந்த அறிவிப்பில் சேருங்கள், இராமேஸ்வரம் அடைத்தால் கூட்டம் அங்கேதான் திரும்பும்.

லத்தி பற்றி நேராகவே சொல்கிறேன். ஊரடங்கை மீறினான் என்று ஒருவரை அடிக்க எந்தச் சட்டமும் இல்லை. தோப்புக்கரணம் போடச் சொல்வது, வெயிலில் முட்டி போட வைப்பது, அதை வீடியோ எடுத்துப் பரப்புவது எல்லாமே தவறு. அடுத்த நாள் அதே தெருவில் காய்ச்சல் உள்ளவர் யார் என்று கேட்டால் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். அந்த ஊரின் வாயை அடைத்தபிறகு தொற்றை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

6. கரையும் கடலும்

அதிகாலை ஏலம்தான் கரையில் பெரிய கூட்டம். ஏலத்தை நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் இருட்டில் வேறு இடத்தில் இன்னும் நெருக்கமாக நடக்கும். படகுச் சங்கத்தோடு பேசிப் படகுகள் கரை சேரும் நேரத்தைப் பிரியுங்கள், ஏலம் எடுப்பவருக்கு மட்டும் உள்ளே இடம், சில்லறை வாங்குபவருக்கு வேறு இடம் என்று கயிறு கட்டுங்கள். கயிறு கட்டுவது ஊர்க்காரர்கள் வேலையாக இருக்கட்டும், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். பாசி எடுக்கப் போகும் பெண்களிடமும் கரைவலை இழுப்பவர்களிடமும் தலைவர் மூலமாகவே பேசுங்கள். கரைவலை இழுக்க நிறைய ஆள் வேண்டும், கயிற்றில் இடைவெளி விட்டு நிற்கச் சொன்னால் அவர்களே ஒழுங்கு செய்துகொள்வார்கள்.

இரவு ரோந்து ஆளைச் சோதனைச் சாவடிக்கு இழுக்காதீர்கள். ரோடு அடங்கினால் கடத்தல்காரருக்கு வசதி. இலங்கை 2019 டிசம்பரில் மஞ்சள் இறக்குமதியைத் தடை செய்தது, அங்கே விலை ஏறியது, 2020 முழுக்க இந்தக் கரையில் மூட்டை மூட்டையாக மஞ்சள் பிடிபட்டது. கடத்தத் தடையுள்ள கடல் அட்டையும் வழக்கம்போலப் பிடிபட்டது. மஞ்சளைச் சுங்கத்துறைக்கும், கடல் அட்டையை வனத்துறைக்கும் ஒப்படைக்க வேண்டும். பறிமுதலை வீடியோ எடுக்க வேண்டும் என்கிறது பி.என்.எஸ்.எஸ். 105. அதைக் கரையிலேயே, திறந்தவெளியிலேயே முடித்துவிடுங்கள்.

கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் (மரைன் போலீஸ்) படகில் ஓடும் ஆட்களை மாற்றாதீர்கள். கேபின் சின்னது, ஒரே குழு சேர்ந்தே போகட்டும். இன்னொரு படகைச் சோதிக்கும்போது அடையாள அட்டைகளை அவர்கள் படகிலிருந்தே காட்டச் சொல்லுங்கள், மீன் அறையைப் பார்க்க ஒருவர் மட்டும் ஏறினால் போதும். கரையில் அந்நியப் படகோ அறியாத ஆட்களோ தெரிந்தால் கடலோரப் பாதுகாப்பு உதவி எண் 1093-க்குச் சொல்ல ஊரில் எல்லாருக்கும் சொல்லி வையுங்கள்.

தனுஷ்கோடி மணல்திட்டில் இலங்கையிலிருந்து குடும்பமாக யாராவது வந்து இறங்கினால், வரிசை இப்படி: தண்ணீர், நிழல், மருத்துவர், அதற்குப் பிறகு விசாரணை. ஸ்டேஷனுக்குள் கொண்டுபோகாதீர்கள். கடலில் இரவு முழுக்க நனைந்து வந்த குழந்தை இருக்கும். மருத்துவர் பார்த்தபின் கியூ பிரிவு (போலீஸ் உளவுப் பிரிவு), மரைன் போலீஸ் விசாரணையைத் திறந்தவெளியில் நடத்தலாம். மண்டபம் அகதிகள் முகாமுக்கு அனுப்பினால், அங்கே ஏற்கெனவே இருப்பவர்களோடு சேராத தனி இடம் வேண்டும் என்று முகாம் நிர்வாகத்திடம் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

7. தனிமை வீடுகள்

குப்பத்தில் பல வீடுகளுக்குப் பொதுக்குழாய்தான், கழிப்பறையும் பொது. 'வெளியே வராதே' என்று சொல்வதற்கு முன் யார் தண்ணீர் கொண்டுவந்து வைப்பார், மீன் பிடிக்காத நாளில் சாப்பாடு யார் பொறுப்பு என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் வி.ஏ.ஓ.விடமும் ஊர்த் தலைவரிடமும் பேசி ஏற்பாடு செய்துவிட்டுத்தான் கிளம்பவேண்டும். குடம் காலியானால் மறுநாள் அந்த வீட்டுப் பெண் வெளியே வரத்தான் செய்வாள்.

விசாரிக்கப் போன் முதலில். நேரில் போவதானால் தெருமுனையில் வண்டியை நிறுத்திவிட்டு நடந்து போங்கள். சைரன் வைத்த வண்டி வாசலில் நின்றால் அந்த வீட்டை ஊர் ஒதுக்கிவிடும். பெயர்ப் பட்டியல் வாட்ஸ்அப் குழுவில் போகவே கூடாது. போட்ட காவலர் மேல் நடவடிக்கை உண்டு என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

ஏர்வாடி தர்காவைச் சுற்றித் தங்கியிருக்கும் மனநலம் பாதித்தவர்களிடம் முகக்கவச விதியை எதிர்பார்க்காதீர்கள். ஆதரவின்றித் திரிபவரைப் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ வசதிக்குக் கொண்டுசெல்லும் கடமை 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் போலீஸுக்கே இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரின் எண் ஸ்டேஷன் சுவரில் இருக்கட்டும்.

8. கைதும் காவலும்

லாக்கப் காற்றோட்டம் இல்லாத அறை. கைது செய்யாமல் முடிக்கக்கூடிய எதையும் பி.என்.எஸ்.எஸ். 35(3) நோட்டீஸில் (கைதுக்குப் பதில் ஆஜராகச் சொல்வது) முடியுங்கள். மூன்று ஆண்டுக்குக் குறைந்த தண்டனை உள்ள வழக்கில் 60 வயதைத் தாண்டியவரையோ உடல் நலிந்தவரையோ கைது செய்ய டி.எஸ்.பி. அனுமதி வேண்டும் என்று 35(7) சொல்கிறது.

கைது தவிர்க்க முடியாதென்றால்: உறவினருக்குத் தகவல், கைதுக் குறிப்பு, உடனே மருத்துவப் பரிசோதனை. மருத்துவரிடம் காய்ச்சல், மூச்சு நிலையோடு உடம்பில் உள்ள காயங்களையும் முழுமையாக எழுதச் சொல்லுங்கள். தொற்றுப் பயத்தில் மருத்துவர் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு 'நலம்' என்று எழுதுவதை ஏற்றுக்கொள்ளாதீர்கள். ரிமாண்டுக்குக் கொண்டுபோனால் மாஜிஸ்திரேட் அவரை நன்றாகப் பார்க்கட்டும். சிறைகளிலும் புதியவர்களை முதலில் தனியே வைப்பார்கள், எங்கே என்று கிளம்பும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், 2020 ஜூனில் பக்கத்து மாவட்டத்தில் சாத்தான்குளம் நடந்தது. ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கடை திறந்திருந்ததாகச் சொல்லி அழைத்துப்போன தந்தையும் மகனும் காவலில் தாக்கப்பட்டு இறந்தார்கள். வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது, போலீஸார் கொலைக் குற்றச்சாட்டில் சிறைக்குப் போனார்கள். கடை நேரம் என்ற சின்ன விஷயத்தில் தொடங்கியது அது. களைப்பிலும் எரிச்சலிலும் இருக்கும் ஆட்களை அந்த மாதங்களில் லாக்கப் பொறுப்பில் வைக்காதீர்கள். சிசிடிவி ஓடுகிறதா என்று ஒவ்வொரு டியூட்டி மாற்றத்திலும் பார்த்து ஜி.டி.யில் எழுதுங்கள்.

குற்றப்பத்திரிகைக் கெடு தொற்றுக்காக நிற்காது. மதுரை மாவட்ட வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 2020 ஜூன் 19 அன்று அதைத் தெளிவாகச் சொன்னது. கெடு தாண்டினால் குற்றம் சாட்டப்பட்டவருக்கு ஜாமீன் உரிமை வந்துவிடும். 60 நாள், 90 நாள் வழக்குகளுக்குத் தனிப் பட்டியல் போட்டுச் சுவரில் ஒட்டுங்கள். இரண்டு அணியும் பார்க்கும்படி ஒட்டுங்கள்.

9. வீட்டுக்குள் நடப்பவை

ஊரடங்கில் அடிபடுகிற பெண்ணால் போனில் பேச முடியாது, அடிக்கிறவன் அதே அறையில் இருக்கிறான். அழைப்பு வந்து உடனே கட் ஆனால் திரும்ப அழைக்காதீர்கள், அது அவளைக் காட்டிக்கொடுக்கும். அந்தத் தெருவுக்கு முகக்கவசம் கொடுக்கப் போவதுபோல ஒரு பெண் காவலரை அனுப்புங்கள். ஆஷா பணியாளர், ரேஷன் கடைக்காரர், கிராமச் செவிலியர் மூலமாகத் தகவல் வர வழி செய்யுங்கள். பெண்கள் உதவி எண் 181-ஐ ரேஷன் கடைச் சுவரில் எழுதுங்கள், பெண்கள் தனியாக வந்து நிற்கும் இடம் அது.

டாஸ்மாக் மூடும்போது வீட்டுச் சண்டை ஒரு விதம், திறக்கும் நாளில் இன்னொரு விதம். இரண்டு நாளுக்கும் மகளிர் ஸ்டேஷனில் கூடுதல் ஆள் வேண்டும். கள்ளச்சாராயம், வார்னிஷ் குடித்தவர் என்று தகவல் வந்தால் வழக்கைப் பிறகு பார்க்கலாம், 108 முதலில்.

பள்ளி மூடியிருந்தால் குழந்தைத் திருமணம் கூடும். கல்யாண மண்டபம் இல்லாமல், பத்துப் பேரோடு, விடியும் முன் முடித்துவிடுவார்கள். ஆசிரியர்களிடம் வாரம் ஒருமுறை போனில் கேளுங்கள், வகுப்பு வாட்ஸ்அப்பில் திடீரென்று காணாமல்போன பெண் பிள்ளை யார் என்று. அது குழந்தைகள் உதவி எண் 1098-க்கும் சமூகநலத்துறைக்கும் போகவேண்டிய தகவல்.

10. கரை ஒதுங்கும் உடல்

அலை ஏறுமா இறங்குமா என்று முதலில் ஊர்க்காரரிடம் கேளுங்கள். ஏறுமானால் நேரம் குறைவு. உடல் கிடந்த இடத்துக்கு நாலு பக்கமும் கம்பு நட்டு, தூரத்திலிருந்தும் அருகிலிருந்தும் படம் எடுத்து, அப்புறம் அலைக்கோட்டுக்கு மேலே நகர்த்துங்கள். கையுறை, முகக்கவசம் இல்லாமல் தொடவேண்டாம். உதவிக்கு வரும் மீனவர்களுக்கும் அதே கையுறையைக் கொடுங்கள், பழைய சாக்கைக் கொடுத்து அனுப்பாதீர்கள்.

பி.என்.எஸ்.எஸ். 194 விசாரணையைக் கரையிலேயே நடத்தலாம். பஞ்சாயத்தார் கையெழுத்துப் போட இடைவெளி விட்டு ஒவ்வொருவராக வரட்டும். தொற்று உறுதியானவர் உடலை அடக்கம் செய்வதில் ஊர் எதிர்ப்பு வரும் என்று தெரிந்தால், முந்தின நாளே ஜமாஅத், பங்கு, ஊர்க் கமிட்டியோடு உட்கார்ந்து இடத்தையும் நேரத்தையும் பேசி முடியுங்கள். குடும்பத்தில் ஒருவராவது முகம் பார்க்க விதி இடம்கொடுக்குமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். கேட்காமலே முடியாது என்று சொல்லிவிடுவதுதான் பல இடங்களில் நடந்தது.

11. தளர்வு வந்ததும்

தேங்கிய மனுக்களைத் தேதி வரிசையில் எடுக்காதீர்கள். பெண்கள், குழந்தைகள், முதியவர்கள் புகார் முதலில், பிறகு கெடு நெருங்கும் வழக்குகள், பணத் தகராறு கடைசி. பாஸ்போர்ட் விசாரணை குவிந்திருக்கும். வெளிநாட்டு வேலைக்குப் போகிற கீழக்கரை, தொண்டிப் பிள்ளைகளின் பிழைப்பு அதில் இருக்கிறது, தனியாக ஒருவரை அதற்கு வையுங்கள்.

பிடித்த வண்டிகளை எண் வரிசைப்படி போனில் அழைத்து, மணிக்குச் சிலர் என்று ஒப்படையுங்கள்.

நோய் வந்து தேறிய காவலரை மறுநாளே இரவு ரவுண்டுக்கு அனுப்பாதீர்கள். மணலில் ஓடினால் மூச்சு வாங்கும், அதைச் சோம்பல் என்று மற்றவர்கள் பேசுவார்கள். மருத்துவர் சொல்லும்வரை ஸ்டேஷனுக்குள் வேலை கொடுங்கள், அதை டியூட்டிப் பதிவேட்டில் காரணத்தோடு எழுதுங்கள். உங்களுக்குப் பிறகு வரும் எஸ்.ஐ.யும் அதைப் படித்து அதன்படி நடக்கட்டும்.